ஸ்டியர்னேயை ஏலம் கேட்ட இருவர்

ராஸ்முஸ் தன் மலைச்சரிவுக்குத் தீ வைத்ததையும், காடு நல்லபடியாக எரிந்து அடங்கியதையும், அதற்கப்புறம் விதை வாங்கப் பணம் போதாது என்பது வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்ததையும் போன வாரம் பார்த்தோம்.

சாம்பல் இப்போது ஆறிக் கிடந்தது. முதல் மழைக்கு முன்னால் அதில் புல்விதை விழுந்துவிட்டால் போதும், மழையே அதை மண்ணுக்குள் இறக்கிவிடும். மழை முந்திக்கொண்டால் சாம்பல் அடைதட்டி இறுகிவிடும். புல்லுக்குப் பதில் பெரணிதான் முளைக்கும். பெரணியை எந்த மாடும் தின்னாது. ஒரு காட்டை இரண்டு தடவை எரிக்க முடியாது என்பது, டேனிஷ்காரர்கள் கடல் தாண்டி வந்து குடியேறிய ஸ்கோவ்பியில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

மூன்று எருதுகளை வியாழக்கிழமைச் சந்தையில் விற்பது, வந்த பணத்தில் விதை வாங்குவது என்று ராஸ்முஸும் அவன் மனைவி யோஹானேயும் இரவுச் சாப்பாட்டில் முடிவு செய்தார்கள். அது பாதிச் சரிவுக்குத்தான் வரும் என்று இருவருக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்லவில்லை. ஆனால் பால் அறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள் டோர்த்தேயின் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது யோஹானேயின் காதில் விழுந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் ராஸ்முஸ் எருதுகளை ஓட்டிக்கொண்டு முன்னால் போனான். யோஹானே வெண்ணெய்த் தொட்டியை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பினால், டோர்த்தே தன் கிடேரியின் கழுத்தில் கயிற்றோடு நிற்கிறாள்.

அந்தக் கிடேரியைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்த அன்றே தாயை இழந்த கன்று. டோர்த்தே தன் விரலைச் சப்பக் கொடுத்து வாளியில் பால் குடிக்கப் பழக்கியது. நெற்றியில் வெள்ளை இருந்ததால் ஸ்டியர்னே, டேனிஷில் நட்சத்திரம், என்று பெயர். சர்ச்சில் டோர்த்தே விசுவாச உறுதிமொழி எடுத்த அன்று ராஸ்முஸ் ஊரார் முன்னால் சொன்னான்: "இது உன் மாடு. நீ எந்த வீட்டுக்குப் போறியோ, அந்த வீட்டுக்கு இதுவும் வரும்." சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டான். ஆள் பார்க்கத்தான் முரடு.

"அப்பாகிட்ட சொல்லாதம்மா" என்றாள் டோர்த்தே.

யோஹானே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ருவாஹினே மலைமேல் அழுக்குக் கம்பளி மாதிரி ஒரு மேகம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். வாய் மூடாத யோஹானே, சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டாள். அந்த வருத்தம் அன்று பாதி நாள் அவள் நெஞ்சிலேயே கிடந்தது.

பாலத்தருகே இன்னொரு வண்டி அவர்களைத் தாண்டியது. ஓட்டியவன் ஹால்வோர், பக்கத்து நிலத்து நார்வேக்காரரின் மகன். கோடை முழுக்கத் தெற்கே கடலோரக் குன்றுகளில் புல்விதை அறுக்கப் போயிருந்தவன், கூலியை விதை மூட்டைகளாகவே வாங்கிக்கொண்டு திங்கட்கிழமைதான் ஊர் திரும்பியிருந்தான். அவன் போன நாளிலிருந்து டோர்த்தே பால் கறக்கும்போது பாடுவதில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் பாடினாள். யோஹானேக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஹால்வோர் தொப்பியைத் தூக்கினான். கிடேரியின் கழுத்துக் கயிற்றைப் பார்த்தான். டோர்த்தேயின் முகத்தைப் பார்த்தான். குதிரையைத் தட்டிவிட்டு வேகமாக முன்னால் போனான்.

"இவனுக்கு என்ன அவசரம்?" என்றாள் யோஹானே. மகள் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வது ராஸ்முஸுக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும். இரண்டு கோடைக்கு முன்னால் ஹால்வோரின் அப்பா ஐலெர்ட் தன் காட்டைக் கொளுத்தியபோது காற்று திரும்பி, ராஸ்முஸின் வைக்கோற்போரையும் புது வேலியையும் தின்றுவிட்டது. காற்று செய்ததற்கு நான் என்ன செய்வேன் என்றார் ஐலெர்ட். தீக்குச்சியைக் காற்றா கிழித்தது என்று கேட்டான் ராஸ்முஸ். அன்றோடு பேச்சு நின்றது. மழை விட்டும் தூவானம் விடவில்லை.

சந்தையில் ஊரே இருந்தது. அங்கேதான் சங்கடம். காடு எரித்தவர்கள் எல்லோருக்கும் விதை வேண்டும், அதனால் காடு எரித்தவர்கள் எல்லோரும் மாடு கொண்டுவந்திருந்தார்கள். மாட்டு விலை பாதாளத்தில், விதை விலை ஆகாயத்தில். ராஸ்முஸின் எருதுகளுக்கு மூன்றும் சேர்ந்து ஏழு பவுண்டுகூட இழுத்துப் பிடித்துத்தான் வந்தது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். பட்டி வேலியில் சாய்ந்து நின்ற கணவனின் முதுகைத் தூரத்திலிருந்தே பார்த்தாள் யோஹானே. கிட்டே போகவில்லை. டோர்த்தே ஸ்டியர்னேயைப் பின்சந்து வழியாகக் கடைசிப் பட்டியில் கொண்டுபோய், தன் பெயரிலேயே பதிந்து கட்டியிருந்தாள்.

யோஹானே எதிரே இருந்த டாப்ஸன் கடைக்குள் நுழைந்தாள்.

அந்தக் கடையில் கிடைக்காதது இல்லை, கிடைப்பது எதுவும் மலிவில்லை. வெண்ணெயைக் கொடுத்துவிட்டுப் பண்டத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வெண்ணெய்க்கு டாப்ஸன் வைத்ததுதான் விலை, பண்டத்துக்கும் அவன் வைத்ததுதான் விலை. சர்க்கரை, விளக்குத் திரி, ராஸ்முஸின் பூட்ஸுக்கு வார் என்று எடுத்து வைத்தாள். காபிக்கொட்டையை எடுத்து முகர்ந்துவிட்டுத் திரும்ப வைத்தாள். பிறகு துணிப் பக்கம் போய் நீலக் கம்பளித் துணியைத் தடவிப் பார்த்தாள். மாட்டைக் கொடுத்த பெண்ணுக்கு ஒரு மேல்சட்டையாவது தைத்துக் கொடுக்க வேண்டும். ஈடாகுமா? ஆகாது. ஆனாலும் வெறுங்கையோடு எப்படி வீட்டுக்குப் போவது?

விதை பின்னறையில் இருந்தது. யோஹானே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதல் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டாள். உள்ளே வெதுவெதுப்பு. ஈரத்தில் கட்டியது, அரைவாசி முளைக்காது. அடுத்ததில் பதர். சுவரோரம் தனியாக இரண்டு மூட்டை இருந்தன. அதில் கை குளிர்ச்சியாக இறங்கியது. எடுத்தால் விரலிடுக்கில் தண்ணீராக ஒழுகியது. கனமான, பளபளப்பான சேவல்கால் புல்லின் விதை.

"இது எப்ப வந்துது?"

இன்று காலைதான் என்றான் டாப்ஸன். அந்த நார்வேக்காரப் பையன் கொண்டுவந்தானாம். தன் சொந்தச் சரிவுக்கென்று வைத்திருந்ததாம். திடீரென்று வந்து, உடனே ரொக்கம் கொடு, விலை உன் இஷ்டம் என்று நின்றானாம். கல்லாவில் இருந்த ரொக்கத்துக்கு இரண்டு மூட்டைதான் இறக்க முடிந்தது, மீதி இரண்டும் அவன் வண்டியிலேயே இருக்கின்றன என்று சொல்லிவிட்டு, வாங்கிய விலையைப்போல ஒன்றரை மடங்கை யோஹானேயிடம் சொன்னான் டாப்ஸன். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நினைக்கிறவன்.

ரொக்கம் எதற்கு அவனுக்கு என்று யோஹானே யோசிப்பதற்குள் பட்டியில் மணி அடித்தது. ஏலக்காரரின் குரல் தெருவைத் தாண்டி வந்தது. "நெற்றி வெள்ளைக் கிடேரி. வீட்டில் வளர்ந்தது. பிள்ளை மாதிரி சாது."

யோஹானேயின் கை மூட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

இரண்டு பவுண்டு என்றது ஒரு குரல். இரண்டரை. மூன்று. மாட்டு விலை கெட்ட நாளில் மூன்று என்பதே பெரிது. கையை எடுக்கப் போனாள். மூன்றரை என்றார் ஏலக்காரர். நாலு. அவர் குரலில் தூக்கம் கலைவது தெரிந்தது. ஐந்து. கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் வாசலுக்குப் போனார்கள். ஐந்தரை. ஆறு. இது என்ன கிடேரியா, தங்கக் குதிரையா என்று யாரோ சிரித்தார்கள். ஏழில் சுத்தியல் விழுந்தது.

யோஹானே மூட்டையின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். எருதுப் பணமும் இதுவும் சேர்ந்தால் சரிவு முழுக்க விதைக்கலாம், டாப்ஸன் சொன்ன விலைக்கே வாங்கலாம். சந்தோஷப்படத்தான் நினைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஏழு பவுண்டு கொடுத்து வாங்கியவன் அதை நன்றாகத்தான் வைத்துக்கொள்வான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போது டோர்த்தே உள்ளே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"யாரு வாங்கினா?"

"அப்பா."

யோஹானேக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், அந்த மனுஷனை என்ன செய்தால் தகும் என்று தெரியவில்லை.

"எதிர்த்துக் கேட்டது யாரு?"

டோர்த்தே வாசற்பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மட்டும் சிவந்திருந்தது. அதற்கு மேல் யோஹானே கேட்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே ராஸ்முஸ் ஸ்டியர்னேயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். திருவிழாவில் தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டவன் முகம் அது. வீட்டுக்குப் போனால் அடி விழும் என்று தெரிந்த பிள்ளையின் முகமும் அதுவேதான்.

"நான் எதுக்கு வித்தேன்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?" என்றாள் டோர்த்தே.

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

ராஸ்முஸ் கிடேரியின் கழுத்தைச் சொறிந்தான். நாலு பவுண்டில் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தானாம். பின்னாலிருந்து எவனோ ஒருத்தன் விடாமல் ஏற்றிக்கொண்டே போனானாம். எவனோ ஒரு அந்நியன் இதை ஓட்டிக்கொண்டு போவதா என்று தோன்றியதும், கை தானாகவே மேலே போய்விட்டதாம்.

யோஹானே கணக்கை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"எருது வித்த பணத்தை ஏலக்காரர்கிட்ட குடுத்துட்ட. அவர் அதை உன் பொண்ணு கையில குடுப்பாரு. நடுவுல கமிஷன் எடுத்துக்குவாரு. உன் வீட்டு மாட்டை உன் வீட்டுக்கே வாங்கியிருக்க, ராஸ்முஸ். ஊர் உலகத்துல யாருக்கும் இந்த வியாபாரம் வராது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராஸ்முஸ் சிரிக்கவில்லை. மலைப்பக்கம் பார்த்தான். காலையில் கம்பளியாக இருந்த மேகம் இப்போது போர்வையாகியிருந்தது. கையில் இருப்பது அதே பழைய எருதுப் பணம், அதுவும் கமிஷன் போக. பாதிச் சரிவு பெரணிக்குத்தான். பெண் தன் மாட்டையே கொடுக்க வந்தும் அதைக் கெடுத்தது தான்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. தோள் இரண்டும் இறங்கிவிட்டன. யோஹானேக்குத் திட்ட மனம் வரவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹால்வோர் வந்தான். வெயிலில் கறுத்து, ஒரு சுற்று இளைத்திருந்தான்.

"எதிர்த்துக் கேட்டது நான்தாங்க ஐயா."

"நீயா?" ராஸ்முஸின் தோள் மறுபடி ஏறிக்கொண்டது. "உங்கப்பன் என் வைக்கோலைக் கொளுத்தினான். நீ என் பணத்தைக் கொளுத்தினியா? உனக்கு எதுக்குடா இந்த மாடு?"

"நீங்க எதுக்குக் கேட்டீங்களோ, அதுக்குத்தான் நானும் கேட்டேன்."

நல்ல கறவை இனம் என்று பையனுக்கும் தெரிந்திருக்கிறது என ராஸ்முஸ் எடுத்துக்கொண்டான். யோஹானே டோர்த்தேயைப் பார்த்தாள். டோர்த்தே மாட்டின் காதைப் பார்த்தாள்.

வண்டியில் இன்னும் இரண்டு மூட்டை சேவல்கால் விதை இருக்கிறது என்றான் ஹால்வோர். பணம் வேண்டாம். மூட்டையை எடுத்துக்கொண்டு, ஸ்டியர்னேயில் பாதிப் பங்கு கொடுத்தால் போதும்.

முன்பாதியா பின்பாதியா, தீனி போடப்போவது யார், பால் கறக்கப்போவது யார் என்று கேலி செய்தான் ஓர் ஐரிஷ் வண்டிக்காரன். ஹால்வோர் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

டேனிஷ்காரர்கள் மாட்டுப் பேரம் பேசுவது வாயால் இல்லை, கையால். ஒரு விலை சொன்னால் எதிராளியின் உள்ளங்கையில் ஓங்கி ஒரு அறை. மாற்று விலைக்கு இன்னொரு அறை. ஒத்துப்போனால் கை கையைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது ஆள் ஒருவர் வந்து அந்தக் கைகளைத் தன் கை விளிம்பால் வெட்டிப் பிரிக்க வேண்டும். பிரித்துவிட்டால் முடிந்தது. அப்புறம் பின்வாங்கினவனோடு எவனும் மாடு பேசமாட்டான், காபி குடிக்கவும் மாட்டான்.

ஆகவே விஷயம் விதையில் இல்லை. ஐலெர்ட் வீட்டுக் கையை ராஸ்முஸ் தொட வேண்டும்.

நின்றான், நின்றான், அப்படியே நின்றான். காற்று தெற்கிலிருந்து திரும்பியது. அதில் ஈரம் இருந்தது. சந்தையில் இருந்த விவசாயி ஒவ்வொருவனும் மூக்கைத் தூக்கினான்.

ராஸ்முஸ் கையை நீட்டினான். "ரெண்டு மூட்டையும். அதோட நாளைக்கு விடியக்காலம் நீயும் வந்து விதைக்கணும்."

ஹால்வோர் அறைந்தான். "நான் வரேன். எங்கப்பாவும் வருவாரு. ஆள் அதிகம் இருந்தாத்தான் மழைக்கு முன்னால முடியும்."

"அவன்கூட நான் பேச மாட்டேன்."

"பேச வேணாம். அவருக்கும் பேசிக்கிட்டே விதைக்க வராது."

ராஸ்முஸின் மீசை லேசாக ஆடியது. மறுபடி அறைந்தான். இவ்வளவு சுலபமாக இறங்கிவருகிற பேரக்காரனை அவன் பார்த்ததில்லை. சந்தேகம்கூட வந்திருக்க வேண்டும். ஆனால் மேகம் அதற்கு நேரம் கொடுக்கவில்லை. இரண்டு கையும் கோத்துக்கொண்டன. வெட்டிவிட ஆள் தேடி ராஸ்முஸ் சுற்றிலும் பார்த்தான்.

"நான் வெட்டறேன்" என்று முன்னால் வந்தாள் யோஹானே.

பெண்பிள்ளை வெட்டும் வழக்கமில்லை. கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை. பெண் எந்த வீட்டுக்குப் போகிறாளோ அந்த வீட்டுக்கு மாடும் போகும் என்று ஊரார் முன்னால் சொன்ன மனுஷன், அதே மாட்டில் பாதியை அதே ஊரார் முன்னால் இந்தப் பையனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். தான் என்ன செய்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. இப்போது சொல்லிவிடலாமா? யோஹானே மகளை ஒரு தடவை பார்த்தாள். டோர்த்தே கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், உதடு மட்டும் அசைந்தது.

யோஹானே இரண்டாவது முறையாக அன்று வாயை மூடிக்கொண்டாள். கையின் விளிம்பால் ஓங்கி வெட்டினாள்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஏலக்காரர் கொடுத்த பணத்தில் டாப்ஸனிடமிருந்த இரண்டு நல்ல மூட்டையும் கொஞ்சம் வெள்ளைக் குளோவர் தீவனச் செடி விதையும் வண்டியில் ஏறின. காலையில் தான் விற்ற அதே விதை ராஸ்முஸின் வண்டியில் ஏற, ஹால்வோரே தோள் கொடுத்துத் தூக்கினான். யோஹானே மறுபடி துணிப் பக்கம் போனாள். நீலத் துணியில் மேல்சட்டைக்கு வேண்டாம், முழு உடுப்புக்கே வெட்டுங்கள் என்றாள். நாடாவும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னாள். காபிக்கொட்டையையும் எடுத்துக்கொண்டாள். வெண்ணெய்க் கணக்கு மீறிப்போகிறதே என்றான் டாப்ஸன். நாளைக்கும் மாடு கறக்கும் என்றாள் யோஹானே.

திரும்பும் வழியில் ராஸ்முஸும் யோஹானேயும் முன்வண்டியில். ஹால்வோரின் வண்டியை அவன் குதிரையே தடம் தெரிந்து இழுத்துக்கொண்டு வர, அதற்குப் பின்னால் ஹால்வோரும் டோர்த்தேயும் நடந்து வந்தார்கள். நடுவில் ஸ்டியர்னே.

"பாதி மாடு போச்சு" என்றான் ராஸ்முஸ். "ஆனா சரிவு முழுக்கப் புல்லு. என்ன சொல்ற?"

"ராஸ்முஸ், உண்மையைச் சொல்லு. நீ எதுக்கு ஏலம் கேட்ட? கறவைக்கா?"

ராஸ்முஸ் மீசையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"கறவையாவது ஒண்ணாவது" என்றான் கடைசியில். "பட்டிக்கு அந்தப் பக்கம் அவ நின்னா. அழக்கூடாதுன்னு உதட்டைக் கடிச்சிக்கிட்டு நின்னா. அந்த முகத்தை என்னால பாக்க முடியலடி. அதுக்குத்தான்."

சொல்லி முடித்ததும் அவன் கடிவாளத்தைப் பிடித்த கை அப்படியே நின்றது. சந்தையில் ஹால்வோர் சொன்னது நினைவுக்கு வந்தது: நீங்க எதுக்குக் கேட்டீங்களோ, அதுக்குத்தான் நானும் கேட்டேன். யோஹானே பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தாள். கழுத்திலிருந்து காது வரை அவனுக்கு ரத்தம் ஏறியது.

மெதுவாகத் திரும்பிப் பின்னால் பார்த்தான். ஹால்வோர் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தான். டோர்த்தே ஸ்டியர்னேயின் முதுகில் கை வைத்துக்கொண்டு, தலை குனிந்து சிரித்தாள்.

"நீ வெட்டும்போதே உனக்குத் தெரியுமா?" என்றான் ராஸ்முஸ்.

"தெரியும்."

"அந்த ஐலெர்ட் நாளைக்கு விடியக்காலம் என் நிலத்துல வந்து நிப்பான்."

"நிப்பாரு."

அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். வண்டியை நிறுத்தி, பெண்ணைக் கூப்பிட்டு ஏற்றிக்கொள்வான் என்றும் பயந்தாள். ராஸ்முஸ் மறுபடி ஒரு தடவை பின்னால் பார்த்தான். பிறகு கடிவாளத்தை இழுத்துக் குதிரையின் நடையைக் குறைத்தான், நடந்து வருகிறவர்களுக்கு மூச்சு வாங்கக்கூடாது என்பதற்காக.

யோஹானேயின் மணிக்கட்டில் ஒரு துளி விழுந்தது. ஒரே துளி, குளிர்ந்த துளி. ஆறிக் கிடந்த சாம்பல் நினைவுக்கு வந்தது. மூட்டைகளின் மேல் கித்தானை இழுத்து மூடினாள். குதிரையை விரட்டு என்று சொல்ல வாயெடுத்தவள், பின்னாலிருந்து டோர்த்தே பாட ஆரம்பித்ததைக் கேட்டாள். பால் கறக்கும்போது பாடுகிற அதே பாட்டு.

பாலம் வரைக்கும் இப்படியே போகட்டும். அதற்கப்புறம் விரட்டிக்கொள்ளலாம் என்று மணிக்கட்டைத் துடைத்துக்கொண்டாள் யோஹானே.